வேதாகமம் தொகையோ, தொடர்நிலையோ?

சாந்தோம் பேராலயத்திற்குப் பெயர் தந்தவர் அப்போஸ்தலராகிய தோமா. அவர் இக்கடற்கரையில் பணிபுரிந்து, கி.பி. 72-இல் இரத்தசாட்சியாய் மாண்டார் என்பது வழிவழி வந்த மரபு. 1896-இல் எழுந்த இப்போதைய ஆலயம் அவர் கல்லறையின்மீது நிற்பதாகவே அடியார் கொள்வர். ஆயினும், அவரைப்பற்றி நம்மிற் பலர் அறிந்தது ஒன்றே: அவர் ஐயுற்றவர். யோவான் சுவிசேஷத்தின் 11-ஆம் அதிகாரத்தில், தம்மைக் கல்லெறிய முயன்றோர் வாழும் யூதேயாவிற்கு ஆண்டவர் மீளத் துணிந்தபோது, அவருடன் சென்று மடியவும் ஏனைய சீடரை அழைத்தவர் இத்தோமாவே என்பதை நினைப்பார் சிலர். 20-ஆம் அதிகாரத்தில் ஒரு துண்டை மட்டும் வெட்டியெடுத்து, அவருக்கு என்றைக்குமாகப் பட்டஞ் சூட்டிவிட்டோம்.

தோமாவுக்கு நேர்ந்ததே வேதாகமம் முழுமைக்கும் நேர்கின்றது. ஆண்டுப் பிறப்பு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கம் நம் சபைகளில் உண்டு. அட்டையில் ஒரு வசனம், அவ்வளவே. அது யாரால், யாருக்கு, எந்நிலையிற் கூறப்பட்டதென வினவுவார் அரியர். எரேமியா 29-ஆம் அதிகாரத்தின் 11-ஆம் வசனத்தை எத்தனை அட்டைகளிலும் நாட்காட்டிகளிலும் காண்கின்றோம்! நன்மையான எதிர்காலத்தைக் கூறும் அவ்வசனம், பாபிலோனுக்குச் சிறைபோனோர்க்கு எழுதப்பட்ட நிருபத்தில் உள்ளது. அதற்கு முந்திய வசனமோ, 70 ஆண்டுகள் கழியவேண்டும் என்கிறது. அந்நிருபத்தைக் கேட்ட மூத்தோர் தாய்நாட்டைக் காணாமலே மாண்டிருப்பர். அதுவரை வீடு கட்டுக, தோட்டமிடுக, சிறைவைத்த நகரின் நலனுக்காகவும் வேண்டுக என்பதே அவர்க்கிட்ட கட்டளை. தேர்வில் தோற்ற மாணவனும், நோயுற்ற பிள்ளையின் தாயும் இவ்வட்டையை நம்பியிருந்து, ஆண்டு முடிவில் கடவுள் தம்மைக் கைவிட்டாரென்று உடைந்துபோதல் உண்டு. அவர்க்கு நாம் கொடுத்தது அறுத்தெடுத்த துண்டு என்பதை எவரும் அவர்க்குச் சொல்லவில்லை.

தமிழ் பயில்வோர் முறையிற் கூறின், தொடர்நிலைச் செய்யுளைத் தொகைநூலாக வாசிக்கின்றோம்.

பல நூற்றாண்டுகளிற் பலர் எழுதிய 66 நூல்களின் கட்டு (கத்தோலிக்கர்க்கு 73) தொகையன்றி வேறென்னை என்று கேட்கலாம். கேள்வி தக்கதே. யோபுவும் பிரசங்கியும் எக்கதையிலும் எளிதில் அடங்கா. அவற்றை வலிந்து அடக்காதிருத்தலே நன்றென்பது என் கருத்து. அன்றியும், யூதர் தம் மறையை நாளாகமத்தோடு முடிப்பர். சிறைப்பட்டோர் எருசலேம் திரும்பலாமென்னும் கோரேசு மன்னனின் கட்டளையே அதன் இறுதி. நாமோ அதே நூல்களை மல்கியாவோடு நிறுத்தி, வரவிருப்பவரை நோக்கியிருக்கின்றோம். அடுக்கு மாறக் கதையும் மாறுகின்றது. எனவே, படைப்பு, வீழ்ச்சி, ஆபிரகாமின் அழைப்பு, எகிப்தினின்று விடுதலை, சிறையிருப்பு, சிலுவை, உயிர்த்தெழுதல், புதிய பூமி என ஒரே ஓட்டமாகக் காண்பது, கிறிஸ்துவை நடுவே வைத்து வாசிக்கும் நம் வாசிப்பு. அதனை மறைக்கவேண்டுவதில்லை, அரைகுறையாகச் செய்யவும் வேண்டுவதில்லை.

அதனை முழுமையாகச் செய்து காட்டியவர், சாந்தோமுக்கு வடக்கே மெரினாக் கரையிற் சிலையாய் நிற்கும் வீரமாமுனிவர். சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராக்கித் தேம்பாவணியில் 3615 பாடல்கள் பாடிய அவர், திருக்குடும்பம் எகிப்துக்குத் தப்பியோடும் வழியிலே பழைய ஏற்பாட்டு வரலாறுகள் சிலவற்றைக் கிளைக்கதைகளாய்ப் பொருத்தினார். மோசே மக்களை மீட்டு வந்த அந்நாட்டிற்கே மீட்பர் அகதியாய்ச் செல்கின்றார்! இரண்டையும் அருகே வைத்தாலன்றி இவ்வியப்புத் தோன்றாது.

அட்டை வழக்கத்தையே ஒழிக்கவேண்டுமென்பாரும் உளர். யான் உடன்படேன், முழு நூலையும் வாசிக்க இயலாத முதியோர்க்கு அதுவே ஆண்டு முழுமைக்கும் துணை. ஆனால், புறநானூற்றில் பாட்டின் கீழே திணையும் துறையும், இன்னாரை இன்னார் பாடியதென்னும் குறிப்பும் உள்ளனவன்றோ? அட்டையிலும் வசனத்தின் கீழ், "பாபிலோனிற் சிறையிருந்தோர்க்கு எரேமியா எழுதியது, 70 ஆண்டுகள் காத்திருக்கப் பணித்தது" என ஒரு வரி சேர்க்கலாம். இடம் போதாதென்று அச்சகத்தார் கூறின், ஓரத்துப் பூங்கொடியைச் சிறிது குறைத்துக்கொள்ளட்டும்.