கப்பலுக்கு வழி இருக்கிறது, காலுக்கு இல்லை

போர்ட் கிள்ளானில் ஒரு பற்பசை வாங்கப் போவதென்றாலும் யோசித்துத்தான் கிளம்ப வேண்டியிருக்கிறது. கடை எதிரிலேயே இருக்கிறது, பலகை கண்ணுக்குத் தெரிகிறது. நடுவில் சாலை. அந்தச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கின்றன. கடக்கக் கோடு இல்லை, விளக்கு இல்லை. ஓரமாக நடந்து சந்திப்பு வரை போய்த் திரும்பலாம் என்றால் நடைபாதை பாதியிலேயே முடிந்துவிடுகிறது. முடிகிற இடத்தில் ஆள் இறங்குமளவு ஆழமான சாக்கடை. அதன் மேல் போட்ட சிமென்ட் பலகை உடைந்து, கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. இந்தப் பக்கமே நின்றுவிட்டு, "நாளைக்குப் பாத்துக்கலாம்டி" என்று அறைக்குத் திரும்பிய நாட்கள் உண்டு.

முதுகுப் பையோடு ஊர் சுற்ற வந்த இரண்டு பெண்கள் நாங்கள். 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் முப்பது நாள் வரை விசா இல்லாமல் மலேசியா வரலாம் என்று ஆனபிறகு, எங்களைப் போலக் குறைந்த காசில் கிளம்பி வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். எல்லோரும் கோலாலம்பூர் கோபுரங்கள், பத்துமலை, பினாங்கு என்று போகிறார்கள். நாங்கள் போர்ட் கிள்ளானில் அறை எடுத்ததற்குக் காரணம் தோழி. அவளுடைய கொள்ளுத் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி இங்கேதான் இறங்கினார். அப்போது இந்த ஊர் போர்ட் சுவிட்டன்ஹாம். 1972இல்தான் பெயர் மாறியது. ரப்பர்த் தோட்டத்துக்குப் பால்மரம் வெட்டப் போனவர்களில் எத்தனையோ பேர் இங்கே இறங்கி, நோய்த்தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டு, பிறகு ரயிலிலும் வண்டியிலும் உள்நாட்டுக்குப் போனார்கள். அவர்களை ஏற்றி வந்த ரஜூலா கப்பல் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே இங்கேயும் நின்று போகும். மலேசியத் தமிழர் வரலாற்றில் இந்தத் துறைக்கு அவ்வளவு பெரிய இடம். ஆனால் அதைச் சொல்லும் ஒரு பலகைகூட, நாங்கள் நடந்த இடங்களில் எங்கள் கண்ணில் படவில்லை. தோழி கேட்டுக் கேட்டுச் சலித்துப் போனாள். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மனிதர்களைப் பற்றி ஒரு குறையும் இல்லை. முதல் நாள் காலை ரொட்டி சானாய் சாப்பிடப் போன கடையில், "பசியாறிட்டீங்களா தங்கச்சி?" என்று கேட்டபடியே ஓர் அண்ணன் தே தாரிக் தேநீரை எடுத்து வைத்தார். ரிங்கிட்டை அவர் வெள்ளி என்றார், இங்கே எல்லோரும் அப்படித்தான். ஆறு வெள்ளிக்கு இருவர் வயிறும் நிறைந்தது. வடதுறைமுகத்துப் பக்கம் எப்படி நடந்து போவது என்று அவரிடம் கேட்டபோதுதான் அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "இங்க யாரும்மா நடப்பா? காடி இல்லாம ஒன்னும் செய்ய முடியாது." அவர் காடி என்றது காரை. அந்த ஒரு வாக்கியம் எங்கள் பயணம் முழுக்கக் கூடவே வந்தது.

மின்செருகி விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் உருண்டை முனைச் சார்ஜர் இங்கே நுழையாது. பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப்போன சதுர முனை மூன்று துளைதான் எங்கும். மாற்றுச் செருகி எந்தக் கடையிலும் கிடைக்கிற சாமான், விலையும் சொற்பம். அதை வாங்க, கொளுத்தும் வெயிலில் லாரிப் புகையைக் குடித்துக்கொண்டு, சாலை ஓரத்துப் புல்லில் கால் வைத்து, அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே போக வேண்டியிருந்தது. கடைக்கார அம்மா சில்லறையைக் கொடுத்துவிட்டுத் தோழியின் கைப்பையைப் பிடித்துத் தோளின் உள்பக்கமாகத் தள்ளிவிட்டார். "ரோட்டுப் பக்கம் மாட்டாதீங்கம்மா, மோட்டர்ல வந்து இழுத்துட்டுப் போயிருவான்" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு எந்தத் தெருவிலும் நிம்மதியாக நடக்க முடியவில்லை.

மாலைகள்தான் பெரிய ஏமாற்றம். தஞ்சோங் ஹராப்பான் என்று கடலோரத்தில் ஓர் இடம் இருக்கிறது. மலாக்கா நீரிணையில் சூரியன் இறங்குவதைப் பார்க்கலாம். பிள்ளைகள் பட்டம் விடுவார்கள், தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பார்கள், பெருங்கப்பல்கள் கண்ணெதிரே நகர்ந்து போகும். மீன் உணவுக் கடைகள் வரிசையாக உண்டு. இவ்வளவு அழகான மாலையைக் காசு கொடுக்காமல் பார்க்கலாம். ஆனால் போக, வர? ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரமில்லை. பேருந்துக்குக் காத்திருந்தோம், வரவில்லை. கைப்பேசியில் வாடகைக் கார் பிடித்துப் போனோம். திரும்பும்போது இருட்டி, மழையும் பிடித்துக்கொண்டது. கார்க்காரர் ஒருவர் ஏற்றுக்கொள்வதாகக் காட்டிவிட்டு ரத்து செய்தார். இன்னொருவரும் அப்படியே. கட்டணம் போனதைப் போல இரண்டு மடங்கு. நல்ல மீன் சாப்பிட ஒதுக்கிய காசு அதற்குச் சரியாகப் போயிற்று. "நம்ம ஊர்லயாவது ஒரு ஷேர் ஆட்டோ கிடைச்சிருக்கும்டி" என்று தோழி நனைந்தபடி சொன்னாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சரி, மாலை நேரத்துக்குக் கோலாலம்பூர் போகலாம் என்றால் ரயில். கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகே வரை 1886லேயே தண்டவாளம் போட்டுவிட்ட பாதை இது. இன்று போர்ட் கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் சென்ட்ரலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ரயில் வசதியாகத்தான் இருக்கிறது, குளிரூட்டிய பெட்டி, பெண்களுக்குத் தனிப் பெட்டியும் 2010 முதல் உண்டு. வண்டியில் குறை இல்லை, காத்திருப்புதான் குறை. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு அரை மணி, சில வேளை அதற்கும் மேல். தண்டவாளச் சீரமைப்பு வேலை நடப்பதாகச் சொல்கிறார்கள். நடக்கட்டும், வேண்டிய வேலைதான். ஆனால் நேரம் மாறினால் அதை மேடையில் நிற்கிறவர்களிடம் சொல்ல வேண்டாமா? ஒலிபெருக்கி கரகரக்கிறது, பக்கத்தில் நிற்கிற பாட்டிக்கும் புரியவில்லை.

சென்ட்ரலை ஒட்டிய பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கியதும் எங்களுக்கு மூச்சு வந்தது. பார்வையற்றோர் சங்கம் அங்கே இருப்பதால் நடைபாதையில் தடம் காட்டும் மஞ்சள் கற்கள் பதித்திருக்கிறார்கள். மேலே மோட்டார் சைக்கிள்களை நிறுத்தி மறித்துவிடுகிறார்கள் என்பது வேறு வருத்தம். ஆனாலும் பாதை என்று ஒன்று இருக்கிறது. பூக்கடை, வாழையிலைச் சாப்பாடு, ஜாதகம் பார்க்கும் கிளி, துணிக்கடைப் பாட்டு என்று காலாற நடந்தோம். ஆனால் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தோழி மணி பார்க்க ஆரம்பித்துவிட்டாள். கடைசி ரயில் போய்விட்டால் நாற்பது கிலோமீட்டருக்குக் கார். இலையில் ரசம் ஊற்றும் முன்பே எழுந்து ஓடினோம். இதைத்தான் மாலைப் பொழுது என்று சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

போகப் போக எங்கள் மாலைகள் டோபியிலேயே கழிந்தன. வில்லை போட்டால் இயங்கும் துவைப்பு எந்திரக் கடை, இரவும் பகலும் திறந்திருக்கும். நோட்டைக் கொடுத்து வில்லைகளாக மாற்றி, துணியைப் போட்டுவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடிக்குள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்போம். அங்கே எங்களோடு உட்கார்ந்திருந்தவர்கள் நேபாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் கிடங்கு வேலைக்கு வந்த இளைஞர்கள். வேலை முடிந்து அதே உடைந்த பலகையைத் தாண்டி, அதே லாரிகளுக்கு நடுவே புகுந்து வந்தவர்கள். அப்போதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. நாங்கள் சில நாளில் பையைக் கட்டிக்கொண்டு போய்விடுவோம். இவர்களுக்கும், கார் ஓட்டத் தெரியாத இந்த ஊர்ப் பாட்டிமாருக்கும், டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகளுக்கும் இது தினப்பாடு.

முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். துறைமுக ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்தே புலாவ் கெத்தாமுக்குப் படகு போகிறது. சேற்றில் கால் நட்டுக் கட்டிய சீன மீனவர் கிராமம். கார் கிடையாது. வீடுகளுக்கு நடுவே கட்டிய பாதையில் சைக்கிள் மணிக்கு ஒதுங்கினால் போதும், ஊரையே நடந்து பார்த்துவிடலாம். அலையாத்திச் சேற்றில் ஒரு மீனவக் கிராமம் தன் மக்களுக்குப் பாதை போட்டுக்கொண்டிருக்கிறது. இந்தத் துறைமுகமும் சேற்றில் எழுந்ததுதான். 1901இல் திறந்த கையோடு மலேரியா வந்து கூலிகள் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்தார்கள், துறையையே மூட வேண்டும் என்ற பேச்சு வந்தது. கிள்ளானில் மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் சொன்னபடி சதுப்பை வடித்து, காட்டை வெட்டி, நோயைக் கட்டுப்படுத்தினார்கள். சரக்கு நிற்கக் கூடாது என்றதும் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே அதைச் செய்ய முடிந்திருக்கிறது. இன்று ஆண்டுக்கு ஒரு கோடியே நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளை, இருபதடிக் கணக்கில், ஏற்றி இறக்கும் உலகின் பெருந்துறைகளில் ஒன்று இது. கிள்ளான் 2024இல் மாநகரமும் ஆகிவிட்டது. இத்தனைக்கும் நடுவே ஒரு சாக்கடைப் பலகையை மாற்ற முடியாதா?

இலகு ரயில் வருகிறதே என்றார்கள். ஷா ஆலம் வழியாகக் கிள்ளானுக்கு வரும் அந்தப் பாதை 2020இல் ஓடும் என்று முதலில் அறிவிக்கப்பட்டு, தவணை மேல் தவணையாகத் தள்ளிப்போனது. ஓடினாலும் ஜொஹான் செத்தியா நிலையத்தோடு முடிந்துவிடும். போர்ட் கிள்ளானுக்கு வராது.

2026ஐச் சுற்றுலா ஆண்டு என்று அறிவித்து உலகையே அழைக்கிறது மலேசியா. அழைத்தவர்களிடம் கேட்கிறேன். நிலையத்திலிருந்து படகுத்துறைக்கும் கடைத்தெருவுக்கும் உடையாத ஒரு நடைபாதை, சாலையைக் கடக்க இரண்டு இடத்தில் விளக்கு, மாலையில் தஞ்சோங் ஹராப்பானுக்குச் சொன்ன நேரத்தில் ஒரு பேருந்து, வார இறுதியிலாவது பிந்திய ஒரு ரயில். கப்பலில் வந்திறங்கியவர்களின் நினைவாகத் துறைப் பக்கத்தில் தமிழிலும் ஒரு கல். இவ்வளவுதான்.

அதுவரை, நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு ஒன்று: போர்ட் கிள்ளானுக்கு அவசியம் போங்கள். போய் இறங்கியதும் கடைசி ரயிலின் நேரத்தை நிலையத்திலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், திரும்பும் காருக்குக் காசு தனியாக எடுத்து வையுங்கள், பையைச் சாலைக்கு எதிர்ப்பக்கத் தோளில் மாட்டுங்கள்.