பையைத் திறக்குமுன் கை கழுவு!

புதுவையைச் சுற்றியுள்ள வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இப்போது வயல்களுக்கு நடுவே பெரிய ஆஸ்பத்திரிகள் நிற்கின்றன. அரியூர், கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம் ஆகிய ஊர்களில் மருத்துவக் கல்லூரிகளே வந்துவிட்டன. நர்ஸ் படிப்பும் கூடவே வந்துவிட்டது.

நர்ஸ் மாணவிகள் ஆஸ்பத்திரியோடு நிற்பதில்லை. கிராமத்து வீடுகளுக்கும் போய்ப் பழக வேண்டும். பிள்ளை பெற்றுப் பத்து நாள் ஆன ஒரு தாயைப் பார்க்க மாணவி போகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையிலுள்ள பையை அவள் தரையில் வைக்கக் கூடாது. பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் வைக்க வேண்டும். பையின் வெளி அறையிலிருந்து சோப்பையும் துண்டையும் மட்டும் எடுத்துக் கை கழுவ வேண்டும். பிறகுதான் பையைத் திறக்கலாம். வேலை முடிந்ததும் மறுபடி கை கழுவ வேண்டும். தரையில் பட்ட பக்கம் உள்ளே போகும்படி காகிதத்தை மடிக்க வேண்டும்.

"என்னம்மா இது, சடங்கு மாதிரி?" என்று வீட்டுப் பாட்டி கேட்கலாம்.

"சடங்கு இல்லே பாட்டி! உங்க வீட்டுக் கிருமியை அடுத்த வீட்டுக்கு நான் தூக்கிட்டுப் போகக் கூடாது. அங்கே இருக்கிறதை இங்கேயும் கொண்டு வரக் கூடாது."

ஞாயிறு மலர் படித்து முடித்தபின் அதற்கு இப்படியும் ஓர் உபயோகம் உண்டு!

கை கழுவச் சொன்னவர்

1847-ம் ஆண்டு. வியன்னா நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரி. பிணத்தை அறுத்துப் பாடம் படித்த டாக்டர்கள் அதே கையோடு பிரசவம் பார்க்க வந்தார்கள். தாய்மார்கள் ஜன்னி கண்டு மாண்டார்கள். ஏப்ரல் மாதம் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்! இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற டாக்டர், குளோரின் கலந்த நீரில் கை கழுவிவிட்டு வரும்படி சொன்னார். ஜூலையில் சாவு நூற்றுக்கு ஒன்றாகக் குறைந்தது. ஆனால் பெரிய டாக்டர்கள் பலருக்குக் கோபம். "எங்கள் கை அழுக்கா?" என்று கேட்டார்கள். செம்மல்வைஸ் 1865-ல் மனநோய் விடுதியில் இறந்தார்.

அந்தக் கோபம் இன்றும் தீர்ந்தபாடில்லை.

வகுப்பிலே ஒன்று, வார்டிலே ஒன்று

இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் வெளியிட்ட பி.எஸ்சி. பாடத்திட்டத்தில் கிருமியியலும் தொற்றுத் தடுப்பும் சேர்ந்து ஒரே பாடம். சோப்புப் போட்டால் 40 முதல் 60 விநாடி. கைகளில் மருந்து தேய்த்தால் 20 முதல் 30 விநாடி. நோயாளியைத் தொடுமுன், தொட்டபின் என்று கை சுத்தம் செய்யவேண்டிய ஐந்து சமயங்களை உலகச் சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. மாணவியின் கையில் ஒளிரும் களிம்பைப் பூசி, கழுவச் சொல்லி, ஊதா ஒளியில் காட்டுவதும் உண்டு. கட்டைவிரலும் நகக்கண்ணும் பளிச்சென்று மின்னும். அங்கேதான் கழுவவில்லை! இதை ஒரு தரம் கண்டவள் மறக்கமாட்டாள்.

பரீட்சையில் இதையெல்லாம் எழுதி மார்க் வாங்கிவிடுகிறாள். பிறகு வார்டுக்குப் போகிறாள். அங்கே ஒரே நர்சுக்கு ஏராளமான நோயாளிகள். குழாய் மூலையிலே இருக்கிறது. மூத்தவர் ஒரே கையுறையோடு மூன்று கட்டில்களுக்குப் போய்விடுகிறார். கையுறை நர்சைக் காக்கும், அடுத்த நோயாளியைக் காக்குமா? மாணவி பார்த்துக்கொண்டே நிற்கிறாள். "அக்கா, கையுறையை மாற்றலையா?" என்று கேட்க வாய் வருமா? மூன்றே வாரத்தில் அவளும் அப்படியே பழகிவிடுவாள். புத்தகம் தோற்பது இங்கேதான் என்பது என் எண்ணம். வகுப்பில் சொன்ன ஆசிரியையே வார்டிலும் பக்கத்தில் நிற்க வேண்டும். மாணவி கேட்டால் மூத்தவர் முகம் சுளிக்கக் கூடாது.

இது சின்ன விஷயமல்ல. ஏழை, நடுத்தர நாடுகளில் ஆஸ்பத்திரியில் சேரும் நூறு பேரில் பதினைந்து பேருக்கு அங்கேயே புதிதாக ஒரு தொற்று வருகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022-ல் கணக்குச் சொன்னது. அப்படித் தொற்றியவர்களில் பத்தில் ஒருவர் பிழைப்பதில்லை.

நர்சின் உயிரும் உயிர்தானே!

போட்ட ஊசிக்கு மறுபடி மூடி போடக் கூடாது. விரலில் குத்திவிடும். மஞ்சள்காமாலைக் கிருமி ஏறிவிடலாம். ஊசி வெள்ளை நிறப் பெட்டிக்குள் போக வேண்டும், ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பைக்குள் போக வேண்டும் என்பது 2016-ம் ஆண்டு விதி. ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி போடாமல் மாணவியை வார்டுக்குள் அனுப்புவது பெரும் பிழை.

புதுவையைச் சேர்ந்த மாஹேக்கு அடுத்ததே கோழிக்கோடு மாவட்டம். அங்கே 2018 மே மாதம் நிபா காய்ச்சல் வந்தது. பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளிக்குச் சேவை செய்தார் நர்ஸ் லினி. அது நிபா என்று அப்போது யாருக்கும் தெரியாது. மே 21-ந்தேதி லினி இறந்தார். சின்னஞ்சிறு பிள்ளைகள் இருவர். அந்தத் தடவை நிபா கண்டவர்களில் பெரும்பாலோருக்கு ஆஸ்பத்திரிகளில்தான் அது தொற்றியது.

பெயர் தெரியாத காய்ச்சல் வந்து நிற்கும்போது, நர்சுக்குக் காவல் அன்றாடப் பழக்கம் ஒன்றுதான். அந்தப் பழக்கத்துக்குத் தண்ணீர் வேண்டும், சோப்பு வேண்டும், கட்டிலுக்குக் கட்டில் கை மருந்துப் புட்டி வேண்டும். இவற்றைக் கொடுக்காமல் மாணவியை மட்டும் கடிந்துகொள்வது நியாயமில்லை.

தாய்மார்களே! உங்கள் வீட்டுக்கு அந்தப் பெண் பையோடு வந்தால், காப்பி கொடுப்பது அப்புறம் இருக்கட்டும். வாசலில் ஒரு வாளி சுத்தமான தண்ணீரும் ஒரு செம்பும் வையுங்கள். அவள் கை தேய்க்கும்போது நீங்களே ஊற்றுங்கள்.