சிறு துளையில் தொடங்கி, வயிற்றைத் திறந்தது ஏன்?



பித்தப்பைக் கல்லுக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் குடும்பங்களில் அடிக்கடி எழும்புகிற கேள்வி ஒன்று உண்டு. "நான்கு சிறு துளைகள் மாத்திரம் போடுவோம், இரண்டொரு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னார்கள். உள்ளே கொண்டுபோன பிறகு வயிற்றையே திறந்துவிட்டார்களே! ஏதோ தவறு நடந்ததை நம்மிடம் மறைக்கிறார்களோ?"

ஏர்பேட்டைச் சேர்ந்த ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். ரேணிகுண்டாவுக்கும் காளஹஸ்திக்கும் இடையே உள்ள ஊர். 2022ஆம் ஆண்டுவரை சித்தூர் மாவட்டம், இப்போது திருப்பதி மாவட்டம். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ வேலையில் இருப்பார்கள்; தாயார் ஊரில். வலது விலாவுக்குக் கீழே வலி வந்தால் திருப்பதியிலுள்ள ரூயா ஆஸ்பத்திரிக்கோ ஸ்விம்ஸ் மருத்துவமனைக்கோ போவார்கள். அல்லது காட்பாடிக்கு ரயிலேறி வேலூருக்குப் போவார்கள். மகனுக்குச் செய்தியெல்லாம் தொலைபேசியில்தான். லீவு கிடைத்து அவன் வந்து சேரும்போது, தாயாரின் வயிற்றில் ஒரு சாண் நீளக் கட்டு. சபையின் ஜெபக்குறிப்பிலும் "ஆபரேஷன் பெரிதாகிவிட்டது" என்றே எழுதப்படுகிறது. மகனுடைய மனதில் அந்த வைத்தியர்மேல் கசப்பு ஏறுகிறது.

பெரும்பாலும் அந்தக் கசப்புக்கு இடமில்லை என்பதே என் கருத்து. காரணத்தை அறிய, நம்முடைய சரீரத்தின் உள்ளமைப்பைச் சற்றே பார்க்கவேண்டும்.

முகத்துக்கு முகம் வித்தியாசம் இருப்பதை நாம் அறிவோம். உள்ளேயும் அப்படியே என்பதைத்தான் அநேகர் நினைப்பதில்லை. அமெரிக்க மிஷனெரி வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847ல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். உடற்கூறு நூலுக்கு அவர் காலத்தில் வழங்கிய பெயர் 'அங்காதிபாதம்'. அழகான சொல், நாம் அதை இழந்துவிட்டோம். எந்த மொழியில் எழுதப்பட்டாலும் இப்படிப்பட்ட நூலின் படம் பெரும்பான்மையோரின் சரீரத்தையே காட்டும். மேஜைமேல் படுத்திருக்கிற நோயாளி அந்தப் பெரும்பான்மையில் ஒருவரா என்பது திறந்து பார்க்கும்வரை நிச்சயமில்லை.

பித்தப்பை ஈரலின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிற சிறு பை. அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று புறப்பட்டு, ஈரலிலிருந்து பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகிற பெரிய நாளத்தோடு சேருகிறது. பித்தப்பை இல்லாமல் மனிதன் வாழலாம். அந்தப் பெரிய நாளம் இல்லாமல் வாழமுடியாது. வைத்தியர் வெட்டவேண்டியது பையின் குழாயையும், பைக்கு இரத்தம் கொண்டுவருகிற சிறு தமனியையும் மாத்திரமே. இவை இருக்கும் சிறு இடத்துக்குக் காலோ முக்கோணம் என்று பெயர். 1891ல் பாரிஸில் அதை விவரித்த பிரெஞ்சு வைத்தியரின் பெயர் அது.

இந்தச் சிறிய இடத்தில்தான் எத்தனை மாறுபாடுகள்! பித்தப்பைத் தமனி வழக்கமான இடத்திலிருந்து ஒன்றாகப் புறப்படுவது ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கே. மற்றவர்களுக்கு அது இரண்டாக இருக்கலாம், வேறொரு கிளையிலிருந்து வரலாம். சிலருக்கு ஈரலுக்கே போகிற வலது தமனி கம்பளிப்பூச்சியைப்போல வளைந்து பித்தப்பையின் அருகே வந்து நிற்கும். அதைப் பைக்குரிய தமனி என்று எண்ணி வெட்டினால், ஈரலின் வலப்பக்கத்துக்குத் தமனி வழியாகப் போகிற இரத்தம் நின்றுபோகும். பையின் குழாயோ சிலருக்கு மிகக் குட்டை. சிலருக்கு அது பெரிய நாளத்தோடு ஒட்டியபடியே நெடுந்தூரம் இறங்குகிறது, அல்லது அதன் பின்னாலே சுற்றி இடப்பக்கத்தில் போய்ச் சேருகிறது. ஈரலின் வலப்பகுதியிலிருந்து வருகிற ஒரு நாளம் நேரே பையின் குழாயில் வந்து விழுவதும் உண்டு. இவை வியாதிகள் அல்ல. இவற்றை உடையவர்கள் ஒன்றும் அறியாமலே சுகமாய் ஆயுள் முழுவதும் வாழ்ந்துவிடுவார்கள், கத்தி படாதவரை.

இதோடு கல்லினால் உண்டான அழற்சியும் சேர்ந்தால் எல்லாம் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். குழாய் எது, நாளம் எது என்று பிரித்துக் காண்பது கடினம்.

துளைவழிப் பித்தப்பை அறுவை 1985ல் ஜெர்மனியில் தொடங்கியது. நம் தேசத்தில் 1990ல் மும்பையில் டாக்டர் டெஹெம்டன் உத்வாடியா செய்தார். வலி குறைவு, தழும்பு சிறிது. உலகமெங்கும் வேகமாய்ப் பரவியது. ஆனால் பித்தநாளம் தவறுதலாக வெட்டுப்படுவதும் கூடிற்று. பழைய திறப்பு முறையில் ஆயிரத்துக்கு ஒன்று இரண்டாக இருந்தது, ஆயிரத்துக்கு மூன்று முதல் ஐந்து வரை போயிற்று என்று பல கணக்குகள் வெளிவந்தன. எண் சிறியதுதான். அந்த ஒருவருக்கு நேருவதோ சிறியதல்ல: வயிற்றுக்குள் பித்தக் கசிவு, மஞ்சள் காமாலை, குடலின் ஒரு பகுதியை ஈரல் நாளத்தோடு இணைக்கும் பெரிய ஆபரேஷன், அதன்பின் வருடக்கணக்கில் காய்ச்சலும் பரிசோதனையும்.

இதற்குக் கைத்திறன் குறைவுதான் காரணம் என்று நினைக்கிறோம் அல்லவா? 2003ல் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த லாரன்ஸ் வே என்னும் வைத்தியரும் அவருடைய குழுவினரும், இப்படிப்பட்ட 252 விபத்துக்களை ஆராய்ந்து வெளியிட்டார்கள். நூற்றுக்கு 97 விபத்துக்களில் முதற்காரணம் கண்ணின் மயக்கம் என்று கண்டார்கள். பெரிய நாளத்தைப் பார்த்து, 'இதுவே பையின் குழாய்' என்று முழு நிச்சயத்தோடு வெட்டியிருக்கிறார்கள். தான் எதிர்பார்த்ததையே கண் காண்கிறது. தேர்ந்தவருக்கும் இது நேரிடும்.

ஆகவே நிச்சயத்தை நம்பாமல் ஒரு நிபந்தனையை வைத்தார்கள். 1995ல் அமெரிக்க வைத்தியர் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க் வகுத்த முறை இது: அந்த முக்கோணத்திலுள்ள கொழுப்பையும் நார்த்திசுவையும் முற்றிலும் விலக்கவேண்டும், பையின் அடிப்பகுதியை ஈரலிலிருந்து பிரிக்கவேண்டும், அப்போது பைக்குள் போகிறவை இரண்டே இரண்டு என்று கண்ணுக்குத் தெரியவேண்டும். அதுவரை எதையும் வெட்டக்கூடாது.

அந்தக் காட்சி கிடைக்காவிட்டால்? அங்கேதான் வைத்தியரின் விவேகம் வெளிப்படுகிறது. நாளத்துக்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம். மூத்த வைத்தியர் ஒருவரை அழைக்கலாம். பையின் ஒரு பாகத்தை விட்டுவிட்டு மற்றதை மாத்திரம் எடுக்கலாம். அல்லது துளைக்கருவிகளை வெளியே எடுத்துவிட்டு வயிற்றைத் திறக்கலாம். திறந்தாலும் மாறுபாடு மாறுபாடுதான். ஆனால் கைவிரலால் தொட்டு, நேரில் பார்த்துப் பிரிக்கும் வசதி கிடைக்கிறது. ஏர்பேட்டுத் தாயாரின் ஒரு சாண் தழும்பு பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒரு தீர்மானத்தின் அடையாளம். "எப்படியும் துளைவழியாகவே முடித்துத் தாருங்கள்" என்று முன்கூட்டியே வற்புறுத்துகிற உறவினர்கள், தாங்கள் கேட்பது இன்னதென்று அறியாமல் கேட்கிறார்கள்.

முன்னதாகவே படம் எடுத்துக் கண்டுபிடிக்க முடியாதா என்று கேட்பீர்கள். அல்ட்ராசவுண்டு கல்லைக் காட்டும். குழாய்களின் மாறுபாடுகளை நம்பத்தக்கபடி காட்டாது. எம்.ஆர்.சி.பி. என்னும் ஸ்கேன் நாளங்களை நன்றாகக் காட்டும். ஆனால் எல்லாருக்கும் அது தேவையென்று வைத்தியர்கள் கருதுவதில்லை. சிறுநீரக தானத்தில் நிலைமை வேறு. இந்தியாவில் சிறுநீரக மாற்றுக்கு வழிதிறந்தது, 1971ல் வேலூர் சி.எம்.சி.யில் நடந்த ஆபரேஷன். ஒரு சிறுநீரகத்துக்கு ஒரு தமனி என்பது நூலின் படம். ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஏதாவது ஒரு பக்கத்தில் அதிகப்படியான தமனி இருக்கும். ஆகையால் கொடுப்பவருக்கு சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்து, எந்தப் பக்கத்தை எடுப்பது என்று முன்னதாகவே தீர்மானிக்கிறார்கள். ஏறத்தாழ பதினாயிரத்தில் ஒருவருக்கோ அவயவங்கள் எல்லாமே இடம்மாறி, இருதயம் வலப்பக்கமும் ஈரல் இடப்பக்கமுமாக அமைந்திருக்கும். அவர்களுக்குக் குடல்வால் வலி இடப்பக்கத்தில் வரும். இதை அறிந்தவர்கள் எந்த வைத்தியரிடம் போனாலும் முதலாவது இதைச் சொல்லவேண்டும்.

ஊர்விட்டு ஊர் வந்து வாழ்கிற நமக்கு ஒரு காரியம். ஒரு ஆபரேஷனில் காணப்பட்ட மாறுபாடு அடுத்த ஆபரேஷன் செய்கிறவருக்குத் தெரியவேண்டும். முதலாவது திருப்பதியில், அடுத்தது பெங்களூரில் என்றால் யார் சொல்லுவார்கள்? வீட்டுக்குப் போகும்போது கொடுக்கிற டிஸ்சார்ஜ் சம்மரியில் இது சில வேளை ஒரு வரிகூட இராது. வைத்தியர் உள்ளே கண்டதையும் செய்ததையும் எழுதுகிற 'ஆபரேஷன் குறிப்பு' தனியே உண்டு. அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைக் கொடுக்கவேண்டும். உள்நோயாளிப் பதிவேடுகளை மூன்று வருஷம் வைத்திருந்தால் போதும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. எனவே தாமதிக்கவேண்டாம். ஸ்கேன் சி.டி.யையும் அதனோடு சேர்த்து வையுங்கள். ஊரிலிருக்கிற பெட்டியில் அல்ல, தாயாரை அடுத்தமுறை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகப்போகிறவரின் கையில்.