நாற்பதுக்கு மேல் ஒரு மோட்டார் சைக்கிள்

ஆசைகளுக்கெல்லாம் வயது வரம்பு உண்டு என்பது நம் குடும்பங்களில் எழுதப்படாத சட்டம். பம்பரம் எட்டு வயதுக்கு, சைக்கிள் பதினைந்துக்கு, மோட்டார் சைக்கிள் இருபத்திரண்டுக்கு. நாற்பது பிறந்த பிறகு மனிதன் ஆசைப்படக் கூடியவை இரண்டேதான்: பெண்ணுக்கு நல்ல இடம், முதுகுக்கு ஒரு சாய்வு நாற்காலி. இந்தச் சட்டத்தை மீறுகிறவனை ஊரார் சிறையில் அடைப்பதில்லை. சிரித்தே தண்டித்து விடுகிறார்கள்.

அந்தத் தண்டனைக்கு ஆளானவன் என்ற முறையில் இந்த வாரம் நேயர்கள் முன்பு ஒரு வழக்கை எடுத்து வைக்கிறேன். என்னுடைய நாற்பத்தாறாவது வயதில், தனக்கும் பதினைந்து வயது கடந்துவிட்ட ஒரு 'குரூஸர்' மோட்டார் சைக்கிளை வாங்கினேன். மனைவி மக்களை உடைய ஒருவன், அவசியத்திற்காக அன்றி இன்பத்திற்காக, அபாயம் கலந்த ஒரு காரியத்தில் இறங்கலாமா? வழக்கின் கேள்வி இதுதான்.

குரூஸர் என்பது யுத்தக் கப்பல் ஒன்றின் பெயர் அல்லவா என்று சிலர் திகைக்கக் கூடும். பயப்பட வேண்டாம், இந்தக் குரூஸரில் பீரங்கி இல்லை. நீண்ட சாலையில் நிதானமாகப் போவதற்கென்று அமைந்த மோட்டார் சைக்கிளுக்கும் அதுவே பெயர். ஆசனம் தாழ்ந்திருக்கும்; கைப்பிடி உயர்ந்து அகன்று நம்மை நோக்கி வளைந்து வரும்; கால்களைச் சற்று முன்னே நீட்டி வைத்துக் கொள்ளலாம். பந்தய வண்டியில் மனிதன் பெட்ரோல் டாங்கியின் மேல் கவிழ்ந்து படுக்கிறான். குரூஸரிலோ திண்ணையில் உட்கார்ந்திருப்பவன் போல் நிமிர்ந்து உட்காருகிறான். இந்த அமைப்பின் பிறப்பிடம் அமெரிக்கா. மில்வாக்கி நகரில் 1903 ஆம் ஆண்டில் தொடங்கிய ஹார்லி டேவிட்ஸன் முதலிய கம்பெனிகள், அந்நாட்டின் முடிவில்லாத நெடுஞ்சாலைகளுக்கு ஏற்பச் செய்த கனத்த வண்டிகளின் வம்சம் இது.

என் வண்டி அமெரிக்கா போனதில்லை. சென்னையின் வட கோடியில் உள்ள திருவொற்றியூர்தான் அதன் ஜன்ம பூமி. பழைய ஆங்கிலக் கம்பெனியாகிய ராயல் என்பீல்டு 'புல்லட்' என்ற பெயரை முதன்முதலில் வழங்கியது 1932 ஆம் ஆண்டில். நமது ராணுவத்துக்கு அந்த வண்டி பிடித்துப் போகவே, 1955 இல் சென்னை வியாபாரிகள் ஆங்கிலக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து அதை இங்கே செய்யத் தலைப்பட்டார்கள். முதலில் கப்பலில் வந்த பாகங்களை இணைத்துப் பூட்டினார்கள். பிறகு பாகங்களையே இங்கே வார்த்தார்கள். 1970 வாக்கில் இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி மூடப்பட்டது. திருவொற்றியூர்க் குழந்தையோ உயிர் பிழைத்து வளர்ந்தது. அந்தக் குடும்பத்தில் 2002 ஆம் ஆண்டில் பிறந்த குரூஸர்தான் 'தண்டர்பேர்டு'. 2020 இல் அதன் உற்பத்தி நின்று, 'மீட்டியார்' என்ற வண்டி அதன் இடத்துக்கு வந்தது. ஆகவே என்னுடையது இனிப் புதிதாகக் கிடைக்காத வண்டி. 2009 ஆம் வருஷத்தில் பதிவானது. விலை 62,000 ரூபாய்.

இந்த இயந்திரத்தில் ஒரே ஒரு சிலிண்டர். அதன் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். அகலத்தை விட நீளம் அதிகமான இப்படிப்பட்ட சிலிண்டர் அவசரமாகச் சுழலாது. ஆனால் மெதுவாகச் சுழலும்போதே நன்றாக இழுக்கும். 346 கன சென்டிமீட்டர் கொள்ளளவில் இது தருவது ஏறக்குறைய 20 குதிரைத் திறன்தான். இதைவிடச் சிறிய இன்றைய வண்டிகள் சில இதைவிட அதிகமாகவே தருகின்றன. வாலிபர்கள் இதைச் சொல்லிப் பரிகசிக்கிறார்கள். பரிகாசம் நியாயமே. ஓடிப் பிடித்து விளையாடுவதற்கு இது உதவாது. அதே சமயம், மாட்டு வண்டிக்குப் பின்னால் ஊர்ந்து சென்று, வழி கிடைத்ததும் கியரை மாற்றாமலே மெல்ல வேகம் கொள்ளும் சுகம் இதில் உண்டு. தொந்தரவு செய்யாத இயந்திரம் என்பது நாற்பத்தாறு வயதில் எவ்வளவு பெரிய குணம் என்பதை வாலிபர்கள் பின்னால் அறிவார்கள்.

என் ஆசையை வீட்டில் சொன்ன அன்று நடந்த சம்பாஷணை சுருக்கமானது.

"வேகமாகப் போவதற்கா இதை வாங்கப் போகிறீர்கள்?" என்று கேட்டாள் என் மனைவி.

"இல்லை, மெதுவாகப் போவதற்கு."

"மெதுவாகப் போவதற்குத்தான் வீட்டில் சைக்கிள் இருக்கிறதே!"

இதற்கு நான் சொல்லக் கூடிய பதில் ஒன்றும் அப்போது தோன்றவில்லை. சிறிது நேரம் கழித்து அவளே சொன்னாள்: "என் சித்தப்பா பிள்ளையை மறந்து விட்டீர்களா?"

மறக்கவில்லை. இருபத்தேழு வயதுப் பையன். ஓர் இரவு, கடைத் தெருவுக்குத்தானே என்று தலைக்கவசமில்லாமல் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டவன் திரும்பி வரவேயில்லை. அவனுடைய தாயார் இன்றும் தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்தி விடுகிறாள். அரசாங்கக் கணக்கின்படி 2022 ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள். இந்த எண்ணைப் படிப்பவர்களுக்கு அது ஒரு எண். என் மனைவிக்கு அதில் ஒன்று முகமும் பெயரும் உள்ளது. அவளுடைய அச்சத்தை 'பெண் புத்தி' என்று ஒதுக்கித் தள்ளிவிட்டு வண்டியை வாங்கியிருந்தால், நான் கேட்ட கேள்விக்கு 'இறங்கலாகாது' என்பதே தீர்ப்பாயிருக்கும்.

ஆகவே ஒரு மாத காலம் வாதம் நடந்தது. முடிவில் சில நிபந்தனைகள் பிறந்தன. பணம் என் சொந்தச் சேமிப்பிலிருந்து வர வேண்டும். பெண்ணின் கல்லூரிச் செலவுக்கென்று வைத்ததைத் தொடக் கூடாது. இருவர் ஏறினாலும் இருவருக்கும் தலைக்கவசம். விளக்கு வைத்த பிறகு வெளியூர்ச் சாலை கிடையாது. எந்தச் சாலையிலும் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. கடைசி நிபந்தனை அர்த்தமில்லாததல்ல. 60 கிலோமீட்டர் வேகத்தில், நாம் 'ஐயோ' என்று நினைக்கும் ஒரு விநாடிக்குள் வண்டி ஏறக்குறைய 17 மீட்டர் போய் விடுகிறது. 40 கிலோமீட்டரில் 11 மீட்டர்தான். மோதும் சக்தியோ வேகத்தைப் போல் ஏறுவதில்லை. வேகத்தின் வர்க்கத்தைப் போல் ஏறுகிறது. 40 கிலோமீட்டரில் உள்ளதைப் போல் இரண்டேகால் மடங்கு சக்தி 60 கிலோமீட்டரில் உண்டு. வகுப்பில் வருஷந்தோறும் சொல்லும் கணக்குத்தான். வீட்டில் சொன்னபோது அதற்கு வேறு கனம் இருந்தது.

பழைய வண்டி வாங்க எண்ணும் நேயர்களுக்கு இரண்டொரு விஷயம் சொல்ல வேண்டும். சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். பிறகு அதிகாரிகள் பரிசோதித்து, ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்த பதிவைக் கண்ணால் பார்க்காமல் பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள். என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் புத்தகத்தோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். வாங்கிய பின் முப்பது நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு எழுதுங்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2314 என்றால் 2014 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். வரிப்பள்ளம் ஆழமாக இருந்தாலும், பத்து வருஷத்து ரப்பரை நம்பி உயிரை வைக்கலாகாது. இப்போது பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு வரை எத்தனால் கலந்து வருகிறது. பழைய வண்டியின் ரப்பர்க் குழாய்களையும் கார்புரேட்டரின் ரப்பர்ப் பாகங்களையும் அது கெடுக்கக் கூடுமாகையால் அவற்றையும் மாற்றிவிடுவது நலம். என் வண்டிக்கு இவையெல்லாம் செய்து முடிக்க மூன்று வாரமும் 11,000 ரூபாயும் ஆயின.

பட்டனை அமுக்கினால் கிளம்பும் வண்டிதான். ஆனாலும் மெக்கானிக் விடவில்லை. "வாத்தியாரய்யா, பேட்டரி ஒரு நாள் கை விட்டுவிடும். உதைக்கவும் கற்றுக் கொள்ளுங்கள்" என்றார். இருபது வருஷமாக மாணாக்கரை உதைக்காமல் பாடம் சொல்லி வந்தவனுக்கு இது புதிய வித்தை. அதைவிடக் கடினம், 180 கிலோவுக்கு மேல் உள்ள வண்டியை ஆள் நடக்கும் வேகத்தில் திருப்புவது. வேகமாகப் போவதற்குத் துணிச்சல் போதும். மெதுவாகப் போவதற்குத்தான் பயிற்சி வேண்டும். பள்ளிக்கூட மைதானத்தில் விடியற்காலையில் எட்டு நாள் வட்டமிட்டேன். கண் எங்கே பார்க்கிறதோ அங்கேதான் வண்டி போகும் என்பதும், தடையின் பெரும் பங்கு முன் சக்கரத்தில் இருக்கிறது என்பதும், மணலில் மட்டும் அதைத் தொடலாகாது என்பதும் அங்கே உடம்பில் ஏறின.

இவ்வளவு ஏற்பாட்டுக்கும் கிடைத்தது என்ன? நான் வசிப்பது தஞ்சாவூர். வேலை பார்ப்பது திருவையாற்றுப் பக்கம். அந்தச் சாலையில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகள் குறுக்கிடுகின்றன. இந்த ஐந்து பெயர்களையும் இருபது வருஷமாகக் கரும்பலகையில் எழுதி வந்திருக்கிறேன். பஸ்ஸில் தினமும் கடந்தும் இருக்கிறேன். மோட்டார் சைக்கிளில் போன முதல் ஆனி மாதத்தில்தான் அவற்றை உடம்பு அறிந்தது. மேட்டூர்த் தண்ணீர் வந்து சேர்ந்திருந்த சமயம். ஒவ்வொரு பாலத்தை நெருங்கும்போதும் முகத்தில் காற்று மாறுகிறது. வயலின் வெப்பக் காற்று நின்று, ஈர மண் மணத்தோடு ஒரு குளிர்ச்சி வந்து தழுவுகிறது. பாலம் முடிந்ததும் மறுபடி வெப்பம்; பிறகு நாற்றங்காலின் வாசனை. கண்ணை மூடிக் கொண்டாலும் எத்தனையாவது ஆறு என்று சொல்லிவிடலாம். ஓட்டுகிறவன் கண்ணை மூடலாகாது என்பதே குறை.

சைக்கிளிலும் இந்தக் காற்று உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் ஆனி வெயிலில் மிதித்துக் கொண்டு போகிறவனுக்குக் காற்றைக் கவனிக்க மூச்சு இருப்பதில்லை. காரில் மூச்சு உண்டு, காற்று இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, மணிக்கு 40 கிலோமீட்டரில், கீழே இயந்திரம் தாளம் போட்டது போல் ஒலிக்கப் போகும்போது இரண்டும் கிடைக்கின்றன. இருபத்திரண்டு வயதில் இந்த வண்டி எனக்குக் கிடைத்திருந்தால், அதன் மேல் உட்கார்ந்து போகும் என்னை யார் பார்க்கிறார்கள் என்பதையே பார்த்திருப்பேன். ஐந்து ஆறுகளும் பாட்டுக்கு ஓடியிருக்கும்.

வாலிபத்தைத் திரும்பப் பெறுவதற்காக இத்தகைய வண்டியை வாங்குகிறவர்கள் ஏமாந்து போவார்கள். அது திரும்புவதில்லை, திருப்ப முயல்வது சாலையில் அபாயகரமானதும் கூட. வயது கொடுத்த நிதானத்தை எடுத்துக் கொண்டு போகிறவர்களுக்கே இந்த வண்டி இன்பம் தரும். குடும்பஸ்தன் தன் இன்பத்தைக் குடும்பத்தாரிடம் மறைக்காமல், அவர்களுடைய அச்சத்துக்கும் இடம் கொடுத்து, கணக்கோடும் காவலோடும் அனுபவிப்பானாகில் அது சுயநலமாகாது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

என் மனைவி இன்னும் தீர்ப்பு வழங்கவில்லை. அவள் பின் ஆசனத்தில் ஏற ஐந்து மாதம் பிடித்தது. சென்ற ஞாயிற்றுக்கிழமை கல்லணை வரையில் போய் வந்தோம். வழி நெடுக அவள் என் தோள் வழியே வேகமானியைப் பார்த்துக் கொண்டே வந்தாள். திருக்காட்டுப்பள்ளிக்கு அப்பால், காவிரி பக்கத்திலேயே துணைக்கு வந்து கொண்டிருந்த இடத்தில், "கொஞ்சம் மெதுவாகப் போங்கள்" என்றாள். 40 தான் காட்டுகிறது என்றேன்.

"அதற்காகச் சொல்லவில்லை. தண்ணீரைப் பார்க்க வேண்டும்" என்றாள்.