புகை அடங்கிய கரியை நம்பாதீர்கள்

தீபாவளி முடிந்த கையோடு தலைநகரில் குளிர் தலைகாட்டத் தொடங்கிவிடும். பரணில் கிடந்த ரஜாய்கள் வெயிலுக்கு வரும். கடைத்தெருவில் அங்கீட்டிகள் விற்பனைக்கு அடுக்கப்பட்டிருக்கும். அண்மை ஆண்டுகளில் இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. புத்தாண்டு இரவில் மொட்டை மாடியில் கரியடுப்பு மூட்டி, பனீர், கோழி, சோளம் என்று சுட்டுச் சாப்பிடுவது நம் இளைஞர்களுக்கு வழக்கமாகிவிட்டது. கம்பிக்கு மேலே என்ன சுடுகிறார்கள் என்பது அவரவர் வீட்டு விஷயம். கம்பிக்குக் கீழே இருக்கும் கரியைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கரி நெருப்பு திறந்த வானத்தின் கீழ் இருக்க வேண்டியது. கதவடைத்துப் படுக்கும் அறைக்குள் அதற்கு இடமே இல்லை. புகை அடங்கிய பிறகும் இல்லை. ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்தாலும் இல்லை.

2024 ஜனவரியில் தில்லி அலிப்பூர் பகுதியில் கணவன், மனைவி, இரண்டு சிறு பிள்ளைகள் என நால்வர், இரவில் அங்கீட்டி வைத்துக் கதவை மூடிப் படுத்தவர்கள், காலையில் எழுந்திருக்கவில்லை. அதே நேரத்தில் இந்தர்புரியில் இன்னும் இருவர் இதே விதமாக இறந்தார்கள். வட இந்தியாவில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இத்தகைய செய்திகளைப் படிக்கிறோம். படித்துவிட்டு, 'பாவம், ஏழைகள், விவரம் தெரியாதவர்கள்' என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். விவரம் நமக்கு மட்டும் தெரியுமா?

நான் ரயில்வே பணியில் சேர்ந்த காலத்தில் நீராவி எஞ்சின்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. நிலக்கரியை உலையில் கனமாகப் போட்டுவிட்டுக் காற்றைக் குறைத்தால் கரி வீணாகும் என்பது அங்கே ஆரம்பப் பாடம். அடித்தட்டில் நன்றாக எரிந்து உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு, மேலே தணலாகக் கிடக்கும் கரியின் ஊடே ஏறும்போது கார்பன் மோனாக்சைடாக மாறிவிடும். கரி முழுமையாக எரிந்தால் கிடைக்கும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குகூட அப்போது கிடைக்காது. ஷெட்டில் அது எரிபொருள் நஷ்டம். மூடிய அறையில் அது உயிர் நஷ்டம்.

அங்கீட்டியிலும் நடப்பது இதுவேதான். முதலில் வரும் புகை, கரியில் மிச்சமிருக்கும் ஈரத்தாலும் சரியாக வேகாத மரத்தாலும் வருவது. அது கண்ணைக் கரிக்கும், இருமல் வரும், நாமே வெளியே ஓடிவிடுவோம். அது அடங்கிச் சிவப்புத் தணலானதும், 'இனிப் பயமில்லை' என்று உள்ளே தூக்கி வருகிறார்கள். ஆனால் விஷ வாயு அந்தத் தணலிலிருந்துதான் வந்துகொண்டிருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். விழித்திருப்பவனுக்குத் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வரும். தூங்குகிறவனுக்கு எந்த எச்சரிக்கையும் கிடையாது.

'எங்கள் பாட்டி குமுட்டி அடுப்பில்தானே காலமெல்லாம் சமைத்தாள்?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பாட்டியின் வீட்டில் முற்றம் இருந்தது, ஓட்டுக்கூரையில் இடுக்கு இருந்தது, புகைபோக்கி இருந்தது. சமையல் முடிந்ததும் கரியை அணைத்து மறுநாளைக்கு எடுத்து வைத்தாள். கதவைத் தாழிட்டு அடுப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு அவள் தூங்கவில்லை. நம் அடுக்குமாடி வீடுகளிலோ குளிருக்குப் பயந்து கதவிடுக்கில் துணிகூடச் செருகி வைக்கிறோம். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தால் போதும் என்றும் சிலர் நம்புகிறார்கள். தண்ணீர் அறையின் வறட்சியைக் குறைக்கும். இந்த வாயுவை வாங்கிக்கொள்ளாது.

இனி மாடியில் கரியடுப்பு மூட்டுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மாசு அதிகமாகித் தடை அமலில் இருக்கும் நாட்களில் மூட்டவே வேண்டாம். மற்ற நாட்களில், சுவரையும் துணிக்கொடியையும் விட்டு விலகி, ஆடாத சமதரையில் அடுப்பை வையுங்கள். பால்கனி உதவாது. பக்கத்தில் ஒரு வாளி மணலும் ஒரு வாளி தண்ணீரும் இருக்கட்டும். துப்பட்டா, சால்வை, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள்.

மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் எதுவும் ஊற்றக் கூடாது. சற்றே கனன்ற கரியின் மேல் ஊற்றினால், ஆவி பற்றிக்கொண்டு தீ கையிலிருக்கும் டப்பாவுக்கே ஏறிவிடும். அதற்குப் பதில் ஒரு பழைய நெய் டின்னின் இரு பக்கத்தையும் வெட்டியெடுத்து, அடிப்பக்கம் சுற்றிலும் துளையிட்டு, அடுப்பின் மேல் நிறுத்துங்கள். அடியில் காகிதமும் தேங்காய்ச் சில்லும், மேலே கரியும் போட்டுப் பற்றவைத்தால், புகைபோக்கி போலக் காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும். இருபது நிமிடத்துக்குள் கரி வெண்சாம்பல் பூத்துவிடும். பிறகு டின்னைக் கிடுக்கியால் தூக்கி எடுத்துவிட்டுச் சுடலாம். கீழே சாம்பல் அடைத்துக்கொள்ளாமல் அவ்வப்போது தட்டிவிடுங்கள். புதுக்கரியை ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள்.

முடிந்ததும் அடுப்பு அங்கேயே இருக்கட்டும். 'இவ்வளவு நல்ல தணல் வீணாகிறதே' என்று அறைக்குக் கொண்டுவரும் ஆசைதான் ஆபத்து. சாம்பலுக்குள் மறுநாள் வரைகூடக் கனல் இருக்கும்; அதைப் பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியில் கொட்டாதீர்கள்.

யாருக்காவது மயக்கம் என்றால் உடனே கதவு ஜன்னல்களைத் திறந்து, அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 112-ஐ அழையுங்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அவருக்குத் தேவை ஆக்சிஜன். புகை அலாரம் இந்த வாயுவைக் காட்டாது. இதற்கெனத் தனியாகக் கார்பன் மோனாக்சைடு அலாரம் விற்கிறது.

கடைசியாக, என்னை மிகவும் உறுத்தும் விஷயம். நம் வாசலில் இரவெல்லாம் காவல் காக்கும் சௌக்கிதார் எதை மூட்டிக் குளிர் காய்கிறார், அதை எங்கே வைத்துக்கொண்டு கண்ணயர்கிறார் என்று நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? ஒரு கட்டில் மட்டுமே கொள்ளும் தகரக் கூண்டில் அவர் அங்கீட்டியோடு கதவைச் சாத்திக்கொண்டால், நாம் அறிவுரை சொல்லிப் பயனில்லை. குளிருக்கு மாற்று வழி கொடுக்காமல் நெருப்பை மட்டும் பிடுங்குவது நியாயமும் இல்லை. தில்லியின் குளிர்கால மாசுக் கட்டுப்பாட்டு விதிகளிலேயே, காவல் பணியாளர்களுக்கு மின் ஹீட்டர் தரும் பொறுப்பு குடியிருப்போர் நலச் சங்கங்களின் மேல் வைக்கப்பட்டிருக்கிறது. எத்தனை குடியிருப்புகள் அதை நிறைவேற்றியிருக்கின்றன?

நம் உறுப்பினர்களில் பலர் அத்தகைய சங்கங்களில் பொறுப்பில் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்திலேயே இதை எழுப்புங்கள். காவலர் கூண்டுக்கு ஒரு ஹீட்டர், ஒழுங்கான ஒரு பிளக், இரண்டு கம்பளி. ஐம்பது குடும்பங்கள் பகிர்ந்துகொண்டால் ஒரு வீட்டுக்கு ஒரு வேளைச் சிற்றுண்டிச் செலவுகூட ஆகாது. ஊரிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் குடும்பங்களுக்கும், அறையெடுத்துத் தங்கியிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் குளிர்காலம் தொடங்கும்போதே இதை எடுத்துச் சொல்லுங்கள். குளிரே அறியாத ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இதை நாம்தான் சொல்ல வேண்டும்.