கந்தையுள் ஒரு கணக்கு

துன்னம் என்பது தமிழில் பழமையான சொல். தைத்தல் என்பது அதன் பொருள். புகார் நகரின் தொழில்வல்லாரை வரிசைப்படுத்தும் சிலப்பதிகாரம், தையற்றொழில் புரிவோரைத் துன்னகாரர் எனக் குறிப்பிடுகிறது. பொருநராற்றுப்படையில் வரும் பொருநனோ, பல இடங்களில் தைத்து ஒட்டிய கந்தையை உடுத்தியிருந்தான். கரிகாலன் அதனைக் களைந்து பட்டாடை வழங்கினான். வறுமையின் அடையாளமாகவே அக்கந்தை நமக்குக் காட்டப்பெறுகிறது. அதனைத் தைத்த கையின் திறம் பற்றி அங்குப் பேச்சில்லை. இரண்டாயிரம் ஆண்டுகள் கழிந்த பின்னும் நாம் அதனைப் பேசத் தொடங்கவில்லை என்பதே இக்கட்டுரையின் குறை.

அருப்புக்கோட்டை நெசவுக்குப் பேர்பெற்ற ஊர். திருச்சுழி வரை பரந்து கிடக்கும் இம்மானாவாரி நிலத்தின் கரிசல், பருத்திக்கு ஏற்ற மண். நூலின் அருமையறிந்த இம்மண்ணில் துணியை எளிதில் எறிந்துவிடும் வழக்கம் இருந்ததில்லை. நைந்த சேலை தொட்டிலாகும். பின்னர் இரண்டு மூன்று மடிப்பாக அடுக்கித் தைத்த விரிப்பாகும். இறுதியில் அடுப்படிக் கரித்துணியாகும். தையற்கடையில் விழும் வெட்டுத்துண்டுகளும் ஒன்றோடொன்று இணைந்து போர்வையாகும். இவ்வாறு இணைத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களுடைய வேலையை நாம் 'ஒட்டுப் போடுதல்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டோம்.

அவ்வேலையைச் சற்று ஊன்றிப் பார்ப்போமாக. ஒட்டுத்துணிப் போர்வையில் மிக எளிய அமைப்பு, ஒன்பது சதுரத் துண்டுகளால் ஆன கட்டம். நான்கு மூலைகளிலும் நடுவிலும் அடர்நிறத் துண்டுகள் ஐந்து. இடையில் வெளிர்நிறத் துண்டுகள் நான்கு. தைத்து முடித்தபின் ஒரு துண்டு மூன்று அங்குலம் இருக்க வேண்டுமாயின், தையலுக்குப் பக்கத்திற்குக் கால் அங்குலம் விட்டு மூன்றரை அங்குலமாக வெட்ட வேண்டும். ஒன்பது அங்குலக் கட்டங்களை அகலத்தில் ஐந்தும் நீளத்தில் ஏழுமாக வைத்தால் 45 அங்குலத்திற்கு 63 அங்குலம் கொண்ட போர்வை கிடைக்கும். அதற்கு வேண்டிய துண்டுகள் 315.

இனிப் பிழையின் கணக்கைப் பார்ப்போம். ஒரு வரிசையில் பதினைந்து துண்டுகள்; அவற்றிடையே பதினான்கு தையல்கள். தையல் ஒன்றுக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், பிசகினாலும் அவ்வரிசை ஒன்றே முக்கால் அங்குலம் குறுகிவிடும். அடுத்த வரிசையோடு பொருந்தாது. துணியை இழைவழியே வெட்டாமல் கோணலாக வெட்டினால் ஓரம் இழுபட்டு நெளியும். சலவை காணாத புதுத்துணியைப் பழந்துணியோடு சேர்த்தால், முதல் நனைப்பிலேயே புதியது சுருங்கிப் பழையதைக் கிழிக்கும். இவை யாவும் தைப்பவர் அறிந்திருக்க வேண்டியவை. இவ்வளவுக்கும் மேலே ஓர் அழகும் உண்டு. நான்கு கட்டங்கள் கூடுமிடத்தில் நான்கு அடர்நிற மூலைகள் ஒன்றாகி, ஆறு அங்குலப் பெருஞ்சதுரம் ஒன்று தானாகத் தோன்றும். தனிக்கட்டத்தில் இல்லாத அவ்வடிவத்தை முன்கூட்டியே மனத்தில் கண்டு துணி தெரிந்தெடுப்பவரை ஓவியர் என்று சொல்லாமல் வேறு எவ்வாறு சொல்வது?

பிற நாட்டார் இதனை உணர்ந்துள்ளனர். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 'ஜீஸ் பெண்ட்' என்னும் சிற்றூர் உண்டு. அடிமைகளாக வாழ்ந்தோரின் வழிவந்த கருப்பினப் பெண்கள், உழைத்து நைந்த உடைகளை வெட்டி அங்கே போர்வை தைத்தனர். அப்போர்வைகள் 2002ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் விட்னி அருங்காட்சியகத்தில் ஓவியங்களுக்கு நிகராகச் சுவரேறின. 2006இல் அந்நாட்டு அஞ்சல் தலைகளிலும் இடம்பெற்றன. வங்கத்திலோ பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த 'காந்தா' ஒரு காவியத்திற்கே பொருளாயிற்று. கவிஞர் ஜசீமுத்தீன் 1929இல் வெளியிட்ட 'நக்ஷி காந்தார் மாட்' என்னும் நெடும்பாடலில், பிரிவுற்ற பெண்ணொருத்தி தன் வாழ்க்கைக் கதையையே போர்வையில் தைத்து, அதனைத் தன் கல்லறை மீது விரிக்க வேண்டுகிறாள். நமது அண்டை மாநிலமான கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் சித்தி இனப் பெண்கள் தைக்கும் 'கவந்தி' போர்வைகளும் இன்று கலையாகப் போற்றப்பெறுகின்றன.

சமய நோக்கிலும் ஒட்டுத்துணி இழிவானதன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். பேரரசை ஆண்ட கலீபா உமர் (ரலி) அவர்களின் ஒட்டுப் போட்ட ஆடை, வரலாறு போற்றும் எளிமைக்குச் சான்றாக விளங்குகிறது. வீண்விரயம் கூடாது என்பது நம் மார்க்கத்தின் கட்டளை. ஒட்டுத்துணிப் போர்வை அக்கட்டளையின் கண்கண்ட வடிவம்.

'கடையில் மலிவாகப் போர்வை கிடைக்கும் காலத்தில் இதற்கு ஏன் கண்ணைக் கெடுத்துக்கொள்வது?' என வினவுவோர் உளர். அவ்வினாவில் நியாயம் உண்டு. கலை வாழ வேண்டும் என்பதற்காக எவரும் கந்தையோடு இருக்க வேண்டியதில்லை. வறுமை ஒழியட்டும், ஆனால் வறுமையோடு சேர்த்து அது வளர்த்த அறிவையும் குப்பையில் கொட்டுவது அறிவுடைமை ஆகாது. செயற்கை இழைச் சேலைகள் மிகுந்துவிட்டன. மெல்லிய பருத்திப் பழஞ்சேலை அரிதாகி வருகிறது. கையால் தைக்கத் தெரிந்த மூதாட்டியரும் ஒருவர் பின் ஒருவராக மறைகின்றனர். அவர்களோடு மறைவது தையல் மட்டுமன்று. ஒவ்வொரு மடிப்புக்கும் முடிச்சுக்கும் அவர்கள் வழங்கிய சொற்களும் ஆகும்.

ஆதலின் நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, தமிழ்த்துறை மாணவர்கள் விடுமுறையில் தத்தம் ஊர்களுக்குச் செல்லுங்கால் இச்சொற்களைத் திரட்டி வருதல் வேண்டும். நாட்டார் பாடலைத் தொகுப்பதற்குக் காட்டும் ஆர்வத்தைத் தையற்சொல்லுக்கும் காட்டலாம். இரண்டாவது, மகளிர் குழுக்களுக்குத் தையல் கற்பிப்போர், உடை வெட்டும் முறையோடு இக்கட்டக் கணக்கையும் கற்பித்தல் வேண்டும். மூன்றாவது, விற்பனைக்கு வரும் ஒவ்வொரு போர்வையின் மூலையிலும் அதனைத் தைத்தவர் பெயர் பொறிக்கப்பெற வேண்டும். விலையில் நேரிய பங்கும் அவரைச் சேர வேண்டும்.

கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொன்னது நம் பழமொழி. அதனைத் தைத்தவர் யார் எனக் கேட்டறிவதும் நம் கடமையாகும். பொருநனின் கந்தையைத் துன்னியவரின் பெயர் நமக்குக் கிட்டவில்லை. நம் காலத்துத் துன்னகாரரின் பெயரையேனும் நாம் எழுதிவைப்போமாக.