4கே-னு சொன்னாங்க... பந்து எங்கே பாஸ்? - லைவ் கிரிக்கெட் ஸ்ட்ரீமிங்கின் ஃபிரேம் கணக்கு!

2023 ஐபிஎல் இறுதிப்போட்டி. அகமதாபாத்தில் மழை, நள்ளிரவைத் தாண்டி ஆட்டம். கடைசி 2 பந்துகளில் சென்னைக்கு 10 ரன் தேவை. ஜடேஜா ஒரு சிக்ஸர், அடுத்து ஒரு ஃபோர். தமிழ்நாடே தூக்கம் கெட்டுக் கொண்டாடிய ராத்திரி அது.

சரி, ஒரு கேள்வி. அந்தக் கடைசிப் பந்தை நீங்கள் நிஜமாகவே பார்த்தீர்களா? மொபைலில் பார்த்தவர் என்றால் கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள். பவுலர் கையை விட்ட பந்து, நடுவில் எங்கேயோ மாயமாகி, பேட்டில் பட்ட பிறகு பவுண்டரி பக்கம்தானே தெரிந்தது?

இந்தச் சந்தேகத்தைக் கிளப்பியது என் அப்பா. அவர் இன்றும் கேபிள் டிவி ஆசாமி. ஒருநாள் என் மொபைலை வாங்கிப் பார்த்தவர், "ஏம்ப்பா, இதுல பந்து தாவித் தாவி வருது? நம்ம டிவியில வழுக்கிக்கிட்டு வருமே!" என்றார். "அது பழைய டிவிப்பா, இது ஹெச்.டி" என்று சமாளித்தேன். ஆனால் அவர் சொன்னது சரி. அந்தத் தாவலுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது.

22 கஜமும் 11 படங்களும்

வீடியோ என்பது வேகமாகப் புரட்டப்படும் புகைப்படங்கள்தான். ஒரு விநாடிக்கு எத்தனை படம் என்பதே ஃபிரேம் ரேட். சினிமாவுக்கு 24. நம் ஊர் டிவி ஒளிபரப்பு 25 அல்லது 50. அமெரிக்காவில் 30 அல்லது 60. இந்த 50, 60 எல்லாம் அந்தந்த நாட்டு மின்சாரத்தின் ஹெர்ட்ஸ் எண்ணை ஒட்டி வந்த பழக்கம்.

இப்போது கிரிக்கெட்டுக்கு வருவோம். 140 கி.மீ வேகத்தில் வரும் பந்து ஒரு விநாடிக்குச் சுமார் 39 மீட்டர் போகும். இரண்டு கிரீஸ்களுக்கும் இடையே உள்ள தூரம் 17.7 மீட்டர்தான். வேகம் குறையாமல் வந்தால் அரை விநாடிகூட ஆகாது.

உங்கள் ஸ்ட்ரீம் 25 ஃபிரேமில் ஓடினால், அந்தப் பயணத்தில் உங்களுக்குக் கிடைப்பது சுமார் 11 படங்கள். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் பந்து ஒன்றரை மீட்டர் தாண்டிவிடும். 50 ஃபிரேம் என்றால் 22 படங்கள். தாவல் பாதியாகக் குறையும். அப்பா சொன்ன 'வழுக்கல்' இதுதான்.

ரன் அவுட்டிலும் இதே கதைதான். விநாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் ஓடும் பேட்ஸ்மேன், 25 ஃபிரேமில் ஒரு படத்துக்கு 28 செ.மீ நகர்ந்துவிடுவார். முதல் படத்தில் பேட் கோட்டுக்கு வெளியே, அடுத்த படத்தில் உள்ளே. பெயில்ஸ் எந்த நொடியில் விழுந்தது என்று வீட்டில் உட்கார்ந்து நாம் போடும் சண்டைக்கு அந்த ஸ்ட்ரீமில் பதிலே கிடையாது!

கேபிளில் இருப்பது ஸ்ட்ரீமில் எங்கே போச்சு?

நம் ஊர் ஹெச்.டி சேனல்கள் பெரும்பாலும் 1080ஐ முறையில் வருகின்றன. ஒரு முழுப் படத்தை ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என்று இரண்டு பாதியாகப் பிரித்து, விநாடிக்கு 50 பாதிப் படங்களாக அனுப்பும் பழைய உத்தி இது. ஒவ்வொரு பாதியும் வேறு வேறு கணத்தில் எடுக்கப்பட்டது. அதனால் கண்ணுக்கு 50 அசைவுகள் கிடைக்கும்.

மொபைலுக்கு இந்த பாதிப் படங்கள் ஒத்துவராது; முழுப் படம்தான் வேண்டும். எனவே இரண்டு பாதிகளைச் சேர்த்து ஒன்றாக்குகிறார்கள். மெனக்கெட்டுச் செய்தால் 50 முழுப் படங்கள் வரும். சிக்கனமாகச் செய்தால் 25தான். படம் பளிச்சென்றே இருக்கும், அசைவில் பாதி காணாமல் போய்விடும். நாம் அதை 'நெட் ஸ்லோ' என்று நினைத்துக்கொள்வோம்.

சீரியல் வேற, சிக்ஸர் வேற!

நெட்டில் வரும் எந்த வீடியோவும் சுருக்கப்பட்டுத்தான் வருகிறது. போன படத்துக்கும் இந்தப் படத்துக்கும் என்ன மாறியிருக்கிறதோ, அதை மட்டும் அனுப்புவதுதான் சுருக்குவதன் அடிப்படை. சீரியலில் மாமியார் முறைக்கும்போது பின்னால் இருக்கும் சுவர் மாறாது. அங்கே வேலை சுலபம்.

சிக்ஸர் அடிக்கும்போது? கேமரா பந்தைத் துரத்துகிறது. புல்தரை, கேலரி, மஞ்சள் சட்டையோடு குதிக்கும் ஆயிரக்கணக்கானோர்... எல்லாமே ஒரே நேரத்தில் மாறுகின்றன. கிடைக்கும் டேட்டா போதாமல் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. புல்தரை பச்சைப் பெயின்ட் அடித்தது போல மழுங்குகிறது. ஓடிடி-யில் ஒரு சினிமாவைச் சுருக்க எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். லைவ் மேட்ச்சுக்கு அந்த அவகாசம் கிடையாது. அதே கணத்தில் சுருக்கி அதே கணத்தில் அனுப்பியாக வேண்டும்.

ஒன்றரை ஜிபி-யில் எவ்வளவு தெரியும்?

நம்மில் பலர் நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் பேக்கில் மேட்ச் பார்க்கிறோம். ஒரு டி20 மூன்றரை மணி நேரம். கணக்குப் போட்டால், அந்த 1.5 ஜிபி முழுவதையும் மேட்ச்சுக்கே செலவழித்தாலும் சராசரியாக 1 எம்பிபிஎஸ்கூட தேறாது. நெட்ஃபிளிக்ஸ் தன் பயனாளர்களுக்குச் சொல்லும் அளவு முழு ஹெச்.டி-க்கு 5, 4கே-வுக்கு 15 எம்பிபிஎஸ். 15-ஐ வைத்து மூன்றரை மணி நேரம் பார்த்தால் ஏறத்தாழ 23 ஜிபி ஆகும்! வாட்ஸ்அப் பார்வேர்டுக்குக்கூட மிச்சமிருக்காது.

நிறுவனங்கள் பக்கமும் கணக்கு இருக்கிறது. 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் டிஜிட்டல் உரிமைக்கு வயாகாம்18 கொடுத்த விலை 23,758 கோடி ரூபாய். அந்த முதல் வருடமே 4கே விளம்பரத்துடன் ஜியோசினிமாவில் இலவசமாகக் காட்டினார்கள். அந்த இறுதிப்போட்டியை ஒரே நேரத்தில் 3.2 கோடி பேர் பார்த்ததாக அறிவித்தார்கள். 3.2 கோடி பேருக்கும் 5 எம்பிபிஎஸ் கொடுப்பதாக வைத்துக்கொண்டால், விநாடிக்கு 20 ஆயிரம் ஜிபி வெளியே போக வேண்டும். ஒவ்வொரு ஜிபி-க்கும் செலவு உண்டு. எங்கே கத்தி விழும் என்று சொல்லவும் வேண்டுமா? பார்வையாளர் கண்ணில் சட்டென்று படாத இடத்தில்தான்.

கூட்டம் கூடினால் பெரிய கைகளே தடுமாறும். 2024 நவம்பரில் மைக் டைசன் - ஜேக் பால் குத்துச்சண்டையை நெட்ஃபிளிக்ஸ் லைவாகக் காட்டியபோது, உச்சத்தில் 6.5 கோடி ஸ்ட்ரீம்கள். சுற்றிக்கொண்டே இருந்த வட்டத்தைத் திட்டித் தீர்த்தது உலகம்.

ரெசல்யூஷன் மாயை

முக்கியமான விஷயம் இங்கேதான். 1080 ரெசல்யூஷனில் 25 ஃபிரேம் அனுப்பினால் விநாடிக்குச் சுமார் 5.2 கோடி புள்ளிகள். 720-ல் 50 ஃபிரேம் அனுப்பினால் 4.6 கோடிதான். அதாவது, புள்ளிக் கணக்கில் கொஞ்சம் குறைவாகவே அனுப்பி, இரண்டு மடங்கு அசைவைக் காட்டிவிட முடியும். ஐந்தரை அங்குல மொபைல் திரையில் 720-க்கும் 1080-க்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். 25-க்கும் 50-க்கும் என்ன வித்தியாசம் என்பதை என் அப்பா கண்டுபிடித்துவிட்டார்.

அமெரிக்காவின் இஎஸ்பிஎன், ஹெச்.டி-க்கு மாறியபோது 1080ஐ-யை விட்டுவிட்டு 720-ல் 60 ஃபிரேமைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இதுதான்: விளையாட்டுக்கு அசைவு முக்கியம். ஜெர்மனியின் ஏஆர்டி, இசட்டிஎஃப் சேனல்களும் 720-ல் 50 ஃபிரேம் பாதையில் போயின.

ஆனால் விளம்பரப் பலகையில் '4கே' என்று போட்டால் விற்கும். '50 ஃபிரேம்' என்று போட்டால் யாருக்குப் புரியும்? அதனால் சந்தா அடுக்குகளில் 720, 1080, 4கே என்று ரெசல்யூஷனுக்கு விலை வைக்கிறார்கள். ஃபிரேம் ரேட் பேச்சையே காணோம். ஓடிடி-களுக்காக 2021-ல் வந்த விதிகளும் வயது வகைப்பாடு, புகார் தீர்ப்பது பற்றித்தான் பேசுகின்றன. பணம் கொடுத்தவருக்கு என்ன தரத்தில் படம் காட்ட வேண்டும் என்று அவற்றில் இல்லை.

வீட்டிலேயே ஒரு டெஸ்ட்

சரி, உங்கள் ஸ்ட்ரீம் எப்படி என்று தெரிந்துகொள்வது எப்படி?

* திரையின் அடியில் எழுத்துகள் ஓடினால் கவனியுங்கள். வழுக்கிப் போனால் 50. தடுக்கித் தடுக்கிப் போனால் 25 என்று சந்தேகப்படலாம். கேமரா மைதானத்தைச் சுற்றித் திரும்பும் காட்சியிலும் இதே சோதனையைச் செய்யலாம்.

* 50 ஃபிரேம் வந்தும் தடுக்குகிறதா? உங்கள் டிவி ஸ்டிக் 60 ஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் ஒவ்வொரு 5 படத்துக்கும் ஒரு படம் இரண்டு முறை காட்டப்படும். பல ஸ்டிக்குகளின் செட்டிங்கில் வீடியோவின் ஃபிரேம் ரேட்டுக்கு ஏற்பத் திரையை மாற்றும் வசதி உண்டு. அதை ஆன் செய்து பாருங்கள்.

* டிவியில் 'மோஷன்' என்ற பெயரில் வரும் வசதி, நடுவில் இல்லாத படங்களை டிவியே கற்பனை செய்து செருகுவது. மேட்ச்சுக்குக் குறைந்த அளவில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் பந்துக்கு வால் முளைத்தால் அணைத்துவிடுங்கள். சினிமாவுக்குக் கண்டிப்பாக ஆஃப். 2018-ல் டாம் குரூஸே வீடியோ போட்டுக் கெஞ்சினார்!

* 'ஆட்டோ'வில் படம் அடிக்கடி மங்கித் தெளிகிறது என்றால், 720-ல் நிலையாக வைத்துப் பாருங்கள். வைஃபை தூரமாக இருந்தால் டிவிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுவது இன்னும் நல்லது.

ஒன்று மட்டும் நம் கையில் இல்லை. பக்கத்து வீட்டு கேபிளில் விக்கெட் விழுந்து அவர்கள் கத்திய பிறகுதான் நமக்கு பவுலர் ஓடிவருவார். வீடியோவைச் சில விநாடித் துண்டுகளாக்கி, அவற்றில் சிலவற்றைக் கையிருப்பில் வைத்துக்கொண்டு ஓட்டுவதால் வரும் தாமதம் இது. தாமதத்தைக் குறைத்தால் கையிருப்பு குறையும், அடிக்கடி நின்றுபோகும்.

மற்றதெல்லாம் கேட்டால் கிடைக்கக்கூடியதுதான். பிஸ்கட் பாக்கெட்டில் எடை போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. மேட்ச் பார்க்க விற்கும் சந்தாவிலும் ரெசல்யூஷன், ஃபிரேம் ரேட், ஒரு மணி நேரத்துக்கு ஆகும் டேட்டா என்று மூன்று எண்களை எழுதச் சொல்வது பெரிய கோரிக்கை இல்லை. அடுத்த முறை புகார் அனுப்பும்போது 'படம் சரியில்லை' என்று எழுதாதீர்கள். 'எத்தனை ஃபிரேம் அனுப்புகிறீர்கள்?' என்று கேளுங்கள். மழுப்ப முடியாத கேள்வி அது.

இந்தக் கணக்கையெல்லாம் அப்பாவிடம் விளக்கினேன். முழுதாகக் கேட்டுவிட்டு, ரிமோட்டைக் கையில் எடுத்தவர் சொன்னார்: "அதெல்லாம் சரி, காசு கொடுக்குறியே... பந்தைக் காட்டச் சொல்லு முதல்ல!"